அம்மாவின் பிளக் ஸ்பேனர்

"ஓட்டப்போறது யாரு, தம்பியா?" என்று கேட்டார் வண்டியை விற்றவர். திருச்சி கருமண்டபத்தில் ஒரு வீட்டு வாசல். துணைக்கு வந்திருந்த என் தம்பி என்னைக் கைகாட்டினான். "நான்தான் சார்" என்றேன். அதற்குப் பிறகும் கிளட்ச், கியர், டயர் என்று எல்லாவற்றையும் அவர் தம்பியிடமே விளக்கினார். பதினெட்டாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தது மட்டும் நான்.

1989இல் பதிவான பஜாஜ் சேத்தக். ஆர்.சி.யில் இருந்த சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்து வைத்திருந்தார். பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வாங்குபவர் பெயரை வீட்டுக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கியர் இல்லாத வண்டிகள் இத்தனை இருக்க எதற்கு இந்தக் கிழட்டு வண்டி என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு சேத்தக் இருந்தது. அம்மாவின் கல்யாணத்துக்கு அப்பா வீட்டார் கேட்ட சீர் அது. அந்தக் காலத்தில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தாத்தா பதிவு செய்த வண்டி கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. அந்த இரண்டு வருடமும் "உங்கப்பா வண்டி எங்கே வருது?" என்ற கேள்வியோடுதான் அம்மாவுக்குச் சோறு போடப்பட்டது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. மீறி வாங்கினால், வாங்கியது அந்தப் பெண்ணுக்கே போய்ச் சேர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. எங்கள் வீட்டு ஆர்.சி.யில் அப்பா பெயர்தான் இருந்தது. பதினைந்து வருடம் ஓட்டிவிட்டு அவரே விற்றார். அம்மாவிடம் கேட்கவில்லை, கையெழுத்துக்கும் அவர் தேவைப்படவில்லை.

இந்த வகை வண்டியின் மூலம் இத்தாலியின் வெஸ்பா. 1946இல் பியாஜியோ நிறுவனத்துக்காக அதை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளைப் பிடிக்காதவர். காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டாம், பாவாடை கட்டியவரும் உட்காரலாம், என்ஜினை மூடிவிட்டால் துணியில் எண்ணெய் படாது என்றெல்லாம் யோசித்துச் செய்த உருவம் அது. புடவைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி உண்டா? ஆனால் நம் ஊரில் முன்னால் அப்பாக்கள் உட்கார்ந்தார்கள். அம்மாக்கள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் ஒரு பிள்ளையையும் கையில் ஒரு பையையும் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலை வண்டி கிளம்பவில்லை. ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தேன், சோக் இழுத்தேன், இருபது முறை உதைத்தேன். எதிர்வீட்டுக்காரர் கேட்டில் சாய்ந்து, "லேடீஸுக்கு இதெல்லாம் செட் ஆகாதும்மா" என்றார். மெக்கானிக் போனை எடுக்கவில்லை.

அம்மா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வண்டிப் பக்கத்தில் குனிந்து முகர்ந்தார்.

"எவ்வளவு ஆயில் ஊத்துன?"

பழைய என்ஜினாயிற்றே என்று கூடுதலாக ஊற்றியிருந்தேன். லிட்டருக்கு இருபது மில்லி போதும். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே எரிகிறது. அதிகமாகிவிட்டால் முழுதும் எரியாமல் பிளக்கில் கரியாகப் படிந்துவிடும், பொறி வராது.

அம்மா உள்ளே போய்த் தையல் சாமான் டப்பாவோடு வந்தார். நூல்கண்டுகளுக்கு அடியில் ஒரு பிளக் ஸ்பேனர், எமரித் தாள், ஆக்சா பிளேடுத் துண்டு. "வண்டி போனப்ப இதை யாரும் கேக்கல" என்றார்.

வலப்பக்க மூடியைத் திறந்து, பிளக்கின் தொப்பியை உருவி, ஸ்பேனரை இடப்பக்கமாகத் திருகினேன். பிளக் கறுத்து ஈரமாக வந்தது. துடைத்துவிட்டு, முனையை எமரித் தாளால் தேய்க்கச் சொன்னார். ஆக்சா பிளேடை இடுக்கில் விட்டுப் பார்த்தார். அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான அந்தக் கனம்தான் அளவு. திரும்ப மாட்டும்போது, "முதல்ல விரலாலேயே திருகு. ஸ்பேனரைப் போட்டு முறுக்குனா மரை போயிடும்" என்றார்.

"இதெல்லாம் எப்பம்மா கத்துக்கிட்ட?"

"கத்துக்கவா? பதினஞ்சு வருஷம் டார்ச் புடிச்சேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பாவுக்கு வண்டி வேலை தெரியும் என்று தெருவே சொல்லும். நானும் பள்ளிக்கூடத்தில் பெருமை பேசியிருக்கிறேன். பக்கத்தில் நின்று வெளிச்சம் காட்டியவருக்கும் தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரும் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

"நகரு" என்றார். நைட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவே உதைத்தார். மூன்றாவது உதையில் வெள்ளைப் புகையோடு வண்டி கிளம்பியது. எதிர்வீட்டுக்காரர் உள்ளே போயிருந்தார்.

அன்று இரவு படிவத்தில் வாங்குபவர் இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன்.

"லைசன்ஸ் இல்லாதவளுக்கு எதுக்குடி வண்டி?"

"ஓட்டத்தாம்மா லைசன்ஸ் வேணும். சொந்தமா வச்சுக்க வேணாம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அறுபத்தொரு வயதில், அவர் பெயருக்கு வரப்போகும் முதல் சொத்து அது.