எந்தக் கண்ணாடி?

மோர்னிங்சைட் அவெனியூவில சிவப்பு லைட்.
பின்சீற்றில பிள்ளையள்.
திடீரெண்டு 2024 ஒக்டோபர் ஞாபகம் வந்திட்டுது.

ரொறன்ரோ லேக் ஷோர் வீதியில டெஸ்லா கார் ஒண்டு மோதி எரிஞ்சதெல்லோ.
நாலு பேர் போயிட்டினம். எல்லாம் இளம் ஆக்கள்.
ஒரு இளம் பெண்ணை மட்டும், வழியில வந்த தபால் ஊழியர் கம்பியால கண்ணாடியை உடைச்சு வெளியில எடுத்தார்.
கடவுள் மாதிரி மனுசன்.

எங்கட காரில அப்பிடி உடைக்க ஏலுமோ? பக்கக் கண்ணாடி டெம்பர்ட் எண்டால், மூலையில கூரான ஒண்டால அடிக்க நொறுங்கும்.
லாமினேட்டட் எண்டால் வெடிப்பு விழும், ஆனால் நொறுங்காது.
2019இல அமெரிக்காவில ஏஏஏ எண்ட வாகன ஓட்டிகள் சங்கம் சோதிச்ச, கண்ணாடி உடைக்கிற ஆறு கருவியில ஒண்டுகூட அதை உடைக்கேல்லை!
எந்த வகை எண்டு கண்ணாடி மூலையில எழுதியிருக்கும்.

கண்ணாடி உடைக்கிற சுத்தியல் வாங்கினால் டிக்கியில போடாதேங்கோ. கைக்கெட்ட வையுங்கோ.

உங்கட கார்க் கண்ணாடி எது எண்டு பாத்திட்டுச் சொல்லுறியளோ?