எம்பெட் பண்ணினா பேக்லிங்க் கணக்குல வருமா?

இது கொஞ்சம் டெக்னிக்கல் மேட்டர். பி.காம் படிக்கிற எனக்குப் புரிஞ்ச மொழியில சொல்றேன், பயப்படாம படிங்க :-)

நாம செய்த நோட்ஸையோ ஸ்லைடையோ ஸ்லைட்ஷேர் மாதிரி ஒரு தளத்துல ஏத்தறோம். அது நல்லா இருக்குன்னு நாலு பேர் எடுத்து அவங்க பக்கத்துல எம்பெட் பண்றாங்க. உடனே நம்ம பசங்க, "மச்சி, உனக்கு நாலு பேக்லிங்க் கிடைச்சாச்சு"ன்னு சொல்லுவாங்க. நிஜமாவே கிடைச்சுதா?

முதல்ல பேக்லிங்க்னா என்னன்னு பார்த்துடலாம். 1998-ல ஸ்டான்ஃபோர்ட்ல படிச்சுக்கிட்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் எழுதின ஆய்வுக் கட்டுரையில இதுக்கான அடிப்படை இருக்கு. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தா அது ஒரு சிபாரிசு. யார் சிபாரிசு பண்றாங்கங்கறதைப் பொறுத்து அதுக்கு மதிப்பு. இன்னைக்கு கூகிள் இன்னும் எத்தனையோ விஷயங்களைப் பார்க்குது, ஆனாலும் சுட்டிக்கு மதிப்பு போயிடல.

இப்போ எம்பெட்டுக்கு வருவோம். எம்பெட் கோடைத் திறந்து பார்த்தா பெரும்பாலும் ஐஃப்ரேம்னு ஒண்ணு இருக்கும். அது சுட்டி இல்லை, ஜன்னல். ஒருத்தர் பக்கத்துல ஒரு ஓட்டை போட்டு, அது வழியா இன்னொரு தளத்தைக் காட்டறது. நம்பிப் பின்தொடரக்கூடிய சுட்டின்னா அது எச்ரெஃப் உள்ள 'ஏ' டேகாக இருக்கணும்னு கூகிளோட உதவிப் பக்கங்களே சொல்லுது. ஐஃப்ரேம் அந்த வகையில வராது.

அது மட்டும் இல்லை. ஐஃப்ரேமுக்குள்ள இருக்கறதை, அதைத் தாங்கி நிக்கிற பக்கத்தோட சரக்காகவே கூகிள் எடுத்துக்கவும் வாய்ப்பு இருக்கு. 2022 ஜனவரியில 'இண்டெக்ஸ்இஃப்எம்பெடட்'னு ஒரு குறியை அறிமுகப்படுத்தினாங்க. "இதைத் தனியா காட்டாதே, ஆனா எம்பெட் ஆன பக்கத்தோட சேர்த்து வேணும்னா எடுத்துக்கோ"ன்னு சொல்றதுக்கு. ஆக, எம்பெட்டால ஏதாவது பலன் இருந்தா அது எம்பெட் பண்ணினவருக்குப் போகத்தான் வாய்ப்பு அதிகம்!

அப்போ சுட்டியே கிடையாதா? இருக்கு, அடியில. ஸ்லைட்ஷேர் பல காலமா கொடுத்துட்டு வந்த கோடுல, ஐஃப்ரேமுக்குக் கீழே தலைப்பும் ஏத்தினவர் பேரும் சாதாரண சுட்டியா இருந்துச்சு. ஆனா அந்தச் சுட்டி போற இடம் ஸ்லைட்ஷேர். நம்ம தளம் இல்லை. 2006-ல ஆரம்பிச்ச அந்தத் தளத்தை 2012-ல லிங்க்ட்இன் வாங்கினாங்க, 2020-ல அது ஸ்க்ரிப்ட் நிறுவனத்து கைக்குப் போச்சு. நம்ம ஸ்லைடுக்கு விழுந்த சிபாரிசு எல்லாம் அந்த 'குட்வில்'லோட சேர்ந்து கைமாறிடுச்சு. அக்கவுண்ட்ஸ் படிக்கிறவங்களுக்குச் சொல்லணும்னா, கன்சைன்மெண்ட்ல அனுப்பின சரக்கு விற்பனை ஆகாது இல்லையா? அதே மாதிரி எம்பெட்டும் சிபாரிசு ஆகாது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா, இதுல காசு போகுது. எங்க சித்தப்பா பாத்திரக் கடை வச்சிருக்கார். ஒரு ஆள் வந்து, "உங்க கேட்லாக்கை 50 தளத்துல எம்பெட் பண்றோம், 50 பேக்லிங்க்"னு கொட்டேஷன் கொடுத்துட்டுப் போனார். சித்தப்பா என்கிட்ட காட்டினார். மாதிரிக்கு அவர் கொடுத்த பக்கத்தோட கோடைத் திறந்து பார்த்தோம். மேலே ஜன்னல், கீழே அந்த டாக்குமெண்ட் தளத்துக்கு ஒரு சுட்டி. கடையோட தளத்துக்கு ஒண்ணுகூட இல்லை.

"அப்போ என் காசுல அவன் கடைக்கு போர்டு வைக்கிறானாடா?"ன்னு கேட்டார் சித்தப்பா. நான் மூணு பக்கம் எழுதி விளக்கறதை அவர் ஒரே வரியில முடிச்சுட்டார்.

கோடுக்குள்ள நம்ம சுட்டியை நுழைச்சு ஊரெல்லாம் பரப்பினா என்னன்னு கேக்கறீங்களா? விட்ஜெட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கிற, கீவேர்ட் திணிச்ச சுட்டிகள் விதிமீறல்னு கூகிள் 2016-லயே எச்சரிச்சிருக்கு. அந்த ஆட்டமும் வேணாம்.

நேர்வழி ரெண்டு இருக்கு. ஒண்ணு, பிடிஎஃப்பை நம்ம தளத்துலயே வைக்கிறது. பிடிஎஃப்புக்குள்ள இருக்கிற சுட்டிகளையும் சாதாரணப் பக்கத்துச் சுட்டி மாதிரியே பார்க்கறோம்னு கூகிள் 2011-ல சொல்லியிருக்கு. ரெண்டாவது, எம்பெட் பண்றவங்ககிட்ட, "கீழே என் பக்கத்துக்கு ஒரு வரி சுட்டி போடுங்க"ன்னு கேக்கறது. கேட்டா பெரும்பாலும் போடுவாங்க.

எம்பெட் வீண்னு நான் சொல்லல. நம்ம நோட்ஸைப் பத்து பேர் படிக்கிறாங்க, அதுல ரெண்டு பேர் தேடி வர்றாங்க. அது நல்ல விஷயம்தான். ஆனா அதை விளம்பரக் கணக்குல எழுதுங்க, பேக்லிங்க் கணக்குல எழுதாதீங்க. அதே மாதிரி நீங்க யாரோட டாக்குமெண்டையாவது எம்பெட் பண்ணினா, செய்தவங்க தளத்துக்கு ஒரு சுட்டி போட்டுடுங்க. உழைச்சவங்களுக்குப் போக வேண்டிய ஓட்டு அது.