ஒவ்வொரு கல்லாய்

பொருள் கிட்டாமையால் பூசலார் நாயனார் உள்ளத்திலேயே கோயில் எடுத்த ஊர் திருநின்றவூர். அவ்வூரில் வாழும் நாமும் பல்லாண்டுகள் உடற்பயிற்சியை உள்ளத்திலேயே செய்துவந்தோம். கல்லூரி மாடிப்படியில் மூச்சு வாங்கிய அன்றுதான் விழித்தோம்.

60 நாளில் உடல் மெலியும் என்றது மகன் காட்டிய பயிற்சித் திட்டம். வைகறைத் தொழுகைக்குப்பின் கூடத்தில் பாய் விரித்து, தண்டால், பஸ்கி, துள்ளல் என நாள்தோறும் 40 நிமிடம் உழன்றோம். "அத்தா, மெதுவாக" என்றான் மகன், செவிசாய்த்தோமில்லை. 11ஆம் நாள் முழங்கால் வீங்கியது. நெற்றியைத் தரையில் வைக்க இயலாமல் நாற்காலியில் அமர்ந்து தொழுதபோது கண் கலங்கினோம்.

மூச்சு விரைவில் பழகிவிடும். தசைநாண்கள் உரம்பெற மாதங்கள் ஆகும் என்றார் மருத்துவர். ஓய்வுக்குப்பின் நடையில் தொடங்கினோம். வாரந்தோறும் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, இரு நாள் தசைப்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறி. இன்று ஏரிக்கரையில் அரைமணி நடை. சுவரைப் பற்றிப் பத்துப் பஸ்கி. எடை சிறிதே குறைந்தது. நெற்றி மீண்டும் தரை தொட்டது.

சிறிதாயினும் இடையறாச் செயலைப் போற்றும் நபிமொழியை மேடைதோறும் விளக்கிய நாம், முழங்கால் வலியால்தான் அதைக் கற்றோம். கோயில் மனத்தில் எழலாம். உடலோ நாளுக்கொரு கல்லாகவே எழும். மாணவச் செல்வங்களே, இன்று ஒரு கல் வையுங்கள்.