நுனி எங்கே நிற்கிறது?

“முதல்ல நுனி எங்க நிக்குதுன்னு பாருங்க சார். ஊசி குத்தின இடம் அப்புறம்” என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். திரையில் ஒரு பக்க அறிக்கை. அமெரிக்காவில் ஏதோ ஒரு மருத்துவமனையில், யாரோ ஒருவருக்குக் கழுத்துச் சிரை வழியாக உள்ளே குழாய் செலுத்தியிருக்கிறார்கள். பெயர், தேதி, ஊர் எல்லாம் நீக்கப்பட்ட பயிற்சி சார்ட் அது. உண்மையான சார்ட்டை வெளியாள் பார்க்கக் கூடாது. நோயாளியின் தகவலைக் காக்க 1996-ல் அமெரிக்கா கொண்டுவந்த ஹிப்பா சட்டம், பழைய மகாபலிபுரம் சாலையில் மெடிக்கல் கோடிங் நிறுவனம் இருக்கும் இந்தக் கட்டடத்தின் நான்காவது மாடிவரை நீண்டு வந்து, என் கைபேசியை லாக்கரில் பூட்டியிருந்தது. பேனாவையும் தாளையும்கூட வாங்கி வைத்துக்கொண்டார்கள். குறிப்புகளை வெளியே வந்து டீக்கடையில்தான் எழுதினேன்.

மெடிக்கல் கோடிங் என்றால் சென்னையில் வேலை தேடும் எந்தப் பட்டதாரிக்கும் தெரியும். பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பார்மசி, பிசியோதெரபி, நர்சிங் என்று படித்தவர்கள் விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து, துரைப்பாக்கம் ஹாஸ்டல்களில் தங்கி இந்த வேலையைக் கற்கிறார்கள். டாக்டர் எழுதிய அறிக்கையைப் படித்து, செய்த சிகிச்சைக்கு ஒரு எண்ணும் நோய்க்கு ஒரு எண்ணும் தர வேண்டும். சிகிச்சைக்கான ஐந்து இலக்க எண்கள் சிபிடி. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 முதல் வெளியிட்டு வரும் தொகுப்பு. ஒவ்வொரு ஜனவரி 1-லும் புது எண்கள் சேரும், பழையவை சில போகும். நோய்க்கான ஐசிடி-10 அங்கே 2015 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டு நிறுவனம் வாக்கியத்துக்குப் பணம் தராது, எண்ணுக்குத்தான் தரும்.

பக்கத்து நாற்காலியில் இருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நர்சிங் முடித்து, சில காலம் ஐ.சி.யு.வில் வேலை பார்த்தவர். நம் மருத்துவமனைகளில் ‘சென்ட்ரல் லைன்’ என்றும், டயாலிசிஸ் நோயாளிகள் வாயில் ‘பெர்ம்கேத்’ என்றும் புழங்கும் அந்தக் குழாயை டாக்டர் போடும்போது தட்டு ஏந்தி நின்ற கை அவருடையது.

நுனி ஏன் முக்கியம் என்று கேட்டேன். குழாய் எங்கே நுழைந்தாலும், அதன் முனை சப்கிளேவியன், பிரேக்கியோசெஃபாலிக், இலியாக் சிரைகளிலோ, மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரையிலோ, இதயத்தின் வலது மேலறையிலோ போய் நின்றால்தான் அது சென்ட்ரல். கையில் போட்ட நீளக் குழாய் அக்குள் பக்கம் நின்றுவிட்டால் அது வெறும் மிட்லைன். இந்தக் குடும்பத்து எண் எதுவும் அதற்குக் கிடையாது. நுனியை உறுதி செய்த பிறகுதான் மற்றக் கேள்விகள். கழுத்து, மார்பு, தொடை வழியா, கை வழியா? தோலுக்கடியில் சுரங்கம் போல் வழி செய்து கொண்டுபோனார்களா? மருந்து ஏற்றும் போர்ட்டை உள்ளே புதைத்தார்களா? நோயாளிக்கு ஐந்து வயது ஆகிவிட்டதா? சுரங்கம் இல்லாத கழுத்துக் குழாய், ஐந்து வயதோ அதற்கு மேலோ என்றால் 36556. சுரங்கம் இருந்தால் 36558. போர்ட்டும் இருந்தால் 36561. ஐந்து வயதுக்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் வேறு எண்.

இந்த அறிக்கைகளில் டயாலிசிஸ் குழாய்கள் அடிக்கடி வருகின்றன. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களை வயது பாராமல் மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டில் சேர்க்கும் சட்டம் அங்கே 1972-லேயே வந்துவிட்டது. அந்த நோய்க்கு என்18.6 போடும்போது, சொல்லிக்கொடுத்தவர் விசைப்பலகையைப் பார்ப்பதே இல்லை.

தலைப்பை நம்பக் கூடாது என்பது இங்கே முதல் பாடம். மேலே ‘சுரங்கக் குழாய் பொருத்துதல்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே படித்தால் சுரங்கம் செய்ததாக ஒரு வரியும் இருக்காது. அறிக்கையின் உள்ளே எழுதியிருப்பதைத்தான் எண்ணாக்க வேண்டும். கைகளில் போடும் பிக் லைனுக்கு 2019 முதல் இன்னொரு சிக்கல். அதற்கு முன் குழாய்க்கு ஓர் எண், படக்கருவி வழிகாட்டலுக்குத் தனி எண் போட முடிந்தது. இப்போது ஐந்து வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குப் படக்கருவியோடு போட்டால் 36573 என்ற ஒரே எண்ணில் எல்லாம் அடக்கம்; இல்லாமல் போட்டால் 36569. பழைய பழக்கத்தில் தனி எண் சேர்த்தால் பணம் தர மறுத்துக் காப்பீட்டிலிருந்து ‘டினையல்’ திரும்பி வரும்.

கழுத்துக் குழாய்க்கோ அல்ட்ராசவுண்டுக்கான தனி எண் இன்னும் இருக்கிறது: 76937. என்னை நீண்ட நேரம் உட்காரவைத்தது இந்த எண்தான். இதைப் போட வேண்டுமானால், எந்தச் சிரையில் குத்தலாம் என்று பார்த்தது, தேர்ந்த சிரையில் அடைப்பில்லை என்பது, ஊசி உள்ளே போவதை அந்தக் கணமே திரையில் கண்டது, படத்தை நிரந்தரமாகச் சேமித்தது ஆகிய எல்லாமே அறிக்கையில் இருக்க வேண்டும். பயிற்சி சார்ட்டில் “அல்ட்ராசவுண்ட் உதவியுடன் சிரையை அணுகினோம்” என்று ஒரே வரி.

“போட மாட்டேன்” என்றார்.

“டாக்டர் பார்த்துத்தானே குத்தியிருப்பார்?”

“பார்த்துத்தான் சார் குத்துவாங்க. நானே பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். ஜெல் தடவுறது, ப்ரோப் வைக்கிறது, சிரையை அமுக்கிப் பார்க்கிறது எல்லாம் என் கண்ணுல நிக்குது. ஆனா இங்க எழுதலையே.”

இந்தக் கைத்தொழிலின் கடினம் எண்களை மனப்பாடம் செய்வதில் இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். எண்ணைத் தேட மென்பொருள் இருக்கிறது. உடலை அறிந்தவர்தான் அறிக்கையைப் படிக்க முடியும்; படித்து முடித்ததும் அந்த அறிவை ஒதுக்கிவைத்துவிட்டு, எழுத்தில் உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். உயிலை வாசிக்கும் வக்கீல், செத்தவர் மனசில் என்ன இருந்தது என்று தனக்குத் தெரிந்தாலும் சொல்ல முடியாத நிலை அது. வார்டில் பணியாற்றி வந்தவர்களுக்கே இது அதிகம் சிரமம் என்று டீம் லீடரும் சொன்னார். ஃப்ரெஷர்கள் இல்லாததைக் கற்பனை செய்வதில்லை. அவர்களுக்குக் கற்பனை செய்ய அனுபவம் கிடையாது.

வேகமும் வேண்டும். சார்ட் கணக்கில் தினமும் டார்கெட். தரம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் ஊக்கத்தொகை போய்விடும். ஆடிட்டர் எரர் குறித்தால் மறுத்து வாதிடலாம். அதற்கு ‘ரிபட்டல்’ என்று பெயர். அடையாளங்கள் நீக்கிய அப்படி ஒரு வழக்கை அவர்கள் பயிற்சிக்கு வைத்திருந்தார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவருடையதேதான் அது.

பழைய சுரங்கக் குழாயை எடுத்துவிட்டு வலது கழுத்துச் சிரையில் புதியதைப் பொருத்தியதாக அறிக்கை. பழைய சிரைவழியிலேயே கம்பி விட்டு மாற்றியிருந்தால் 36581 ஒன்றே போதும்; எடுத்ததற்குத் தனியாக எதுவும் கிடையாது. வேறு இடத்தில் புதிதாகக் குத்தியிருந்தால் பொருத்தியதற்கு 36558, எடுத்ததற்கு 36589 என்று இரண்டு எண். பழையது எந்தச் சிரையில் இருந்தது என்று அறிக்கை சொல்லவில்லை. இவர் 36581 போட்டார். ஆடிட்டர் இரண்டு எண் என்றார். இருவருமே ஊகித்திருக்கிறார்கள் என்று டீம் லீடர் முடிவு செய்ய, டாக்டருக்குக் கேள்வி போயிற்று. அதே சிரை, கம்பி வழியாகத்தான் மாற்றினேன் என்று திருத்தக் குறிப்பு வந்தது. 36581 சரி.

“அப்ப எரரை எடுத்திருப்பாங்களே?”

“எடுக்கல சார். ஹோல்டுல போட்டுக் கேட்டிருக்கணும். நான் கோட் போட்டப்போ அந்த வரி அதுல இல்ல” என்றபடி அடுத்த சார்ட்டைத் திறந்தார். அதில் நுனி வலது மேலறையில் இருந்தது.