ரிசர்வ் லைட் எரிஞ்ச பிறகும் "இன்னும் 50 கிலோமீட்டர் ஓடும்"

ஒரு சின்னக் கேள்வி. காரில் பெட்ரோல் முள் எந்த இடத்துக்கு வந்தால் பங்க் பக்கம் வண்டியைத் திருப்புவீங்க?

பாதி குறைஞ்சதுமே போட்டுடுவேன் என்பவர்கள் சிலர். கால் டேங்க் என்பவர்கள் இன்னும் சிலர். ரிசர்வ் லைட் எரியணும், எரிஞ்சு ரெண்டு நாள் ஆகணும், அப்பவும் 500 ரூபாய்க்குத்தான் போடுவேன் என்பவர்கள் எனக்குத் தெரிஞ்ச வட்டத்தில் நிறைய பேர்.

"இதுல டாக்டருக்கு என்ன சார் வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். தாலுகா அரசு மருத்துவமனையில் நைட் டூட்டி பார்க்கிறவன் நான். ராத்திரியில் எங்களிடம் வரும் நோயாளி எந்த நிலைமையில் வருகிறார் என்பதைச் சில சமயம் அந்த வீட்டு வண்டியின் டேங்க் முடிவு செய்கிறது. அதனால்தான் இந்த இழை.

போன வருஷம் மழைக்காலம். விடியற்காலை மூணு மணி இருக்கும். பால் வண்டியில் ஒரு இளைஞரைத் தூக்கிட்டு வந்தாங்க. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர், நடுராத்திரி வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறார். கடித்த தடம்கூடச் சரியாத் தெரியலை. ஆனால் கண் இமை ரெண்டும் பாதி மூடியிருக்கு, பேச்சு குழறுது, எச்சில் முழுங்க முடியலை. கட்டுவிரியன் கடிக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

விஷமுறிவு மருந்தை ஆரம்பித்து, மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். நாலு நாள் வெண்டிலேட்டரில் இருந்து பிழைச்சுட்டார்.

கூட வந்த அண்ணனிடம் எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க என்று கேட்டேன். "வீட்டுலயே கார் இருக்கேன்னு ஒன்றரைக்கே கிளம்பிட்டோம் சார். பாதி வழில நின்னு போச்சு. லைட்டு நேத்து காலையிலயே எரிஞ்சது. இன்னும் 50 கிலோமீட்டர் ஓடும்னு நினைச்சேன்." வழியில் இருந்த ஒரே பங்க் ராத்திரி மூடியிருந்திருக்கு. பால் வண்டி வரும்வரை ரோட்டோரம் நின்றிருக்காங்க.

கட்டுவிரியன் விஷத்தில் ஒரு சிக்கல் இருக்கு. ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் மருந்து பிடிக்கும். நரம்பு முனையில் போய் உட்கார்ந்து சேதம் பண்ணிய பிறகு, எத்தனை பாட்டில் ஏற்றினாலும் அந்தச் சேதத்தைத் திரும்பப் பெற முடியாது. நரம்பு தானாகச் சரியாகிற வரை வெண்டிலேட்டர்தான் மூச்சு விடணும். சீக்கிரம் வந்திருந்தால் டியூப் போட வேண்டிய நிலைமையே வராமல் போயிருக்கலாம்.

இன்னொரு வகை கேஸும் வரும். டேங்க் காலியாகி வண்டி நிற்கும். பக்கத்து வீட்டு பைக்கில் டியூபை விட்டு வாயால் உறிஞ்சுவாங்க. ஒரு மடக்கு பெட்ரோல் உள்ளே போயிடும். "கொஞ்சம்தான் சார், துப்பிட்டேன்" என்று இருமிக்கொண்டே வருவாங்க.

பெட்ரோல் தண்ணீரைவிட இளகலான திரவம். வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குள் ஒரு சொட்டு இறங்குவதுதான் ஆபத்து. அங்கே வேகமாகப் பரவி நிமோனியா மாதிரியே ஒரு பாதிப்பை உண்டாக்கும். முதல் ஒரு மணி நேரம் நல்லா இருப்பவர் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறலாம். அதனால்தான் ஆறு மணி நேரமாவது வார்டில் வைத்துப் பார்க்கிறோம்.

இதை மட்டும் மனசில் வையுங்க: பெட்ரோல், மண்ணெண்ணெய் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி, பால் என்று எதுவும் கொடுக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க. "அப்போ அவசரத்துக்குத் தண்ணி பாட்டில்ல கொஞ்சம் புடிச்சு வீட்ல வெச்சுக்கறேன்" என்றும் கிளம்பிடாதீங்க. அதைத் தண்ணி என்று எடுத்துக் குடிக்கும் குழந்தைகளையும் நாங்கள் பார்க்கிறோம். பெட்ரோல் இருக்க வேண்டிய இடம் டேங்க் மட்டும்தான்.

சரி, அந்த "இன்னும் 50 கிலோமீட்டர்" கணக்கு எங்கிருந்து வருது?

டேங்குக்குள்ளே ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அதுவும் இறங்கும், முள்ளும் இறங்கும். அடியில் ஏறக்குறைய 5 லிட்டர் இருக்கும்போதே பல கார்களில் லைட் எரிஞ்சிடும். அந்த 5 லிட்டர் நாம் அன்றாடம் ஓட்டுவதற்காக விட்டது இல்லை, பங்க் தேடிப் போவதற்காக விட்டது. மேட்டிலும் வளைவிலும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது முள் காட்டுவதும் மாறும். டிஸ்பிளேயில் வரும் "இத்தனை கிலோமீட்டர் ஓடும்" என்ற எண், சமீபத்தில் நீங்கள் ஓட்டிய மைலேஜை வைத்துப் போடும் கணக்கு. பைபாஸில் ஓட்டும்போது வந்த கணக்கு, மலைப்பாதையிலோ ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்கும்போதோ செல்லாது.

பெட்ரோல் கார்களில் ஃபியூல் பம்ப் மோட்டார் டேங்குக்குள்ளேயேதான் இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதன் சூட்டைத் தணிக்குது. எப்பவும் அடிமட்டத்திலேயே ஓட்டினால் அதன் ஆயுசு குறையும். டீசல் வண்டி முழுக்கக் காலியாகி நின்றால் லைனில் ஏர் பிடிச்சுக்கும். டீசல் ஊற்றிய பிறகும் உடனே ஸ்டார்ட் ஆகாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டி வரலாம்.

காசு விஷயத்துக்கு வருவோம். கையில் இருக்கிறதுக்குத் தகுந்த மாதிரி 500, 500-ஆகப் போடுவது நம்ம ஊர் வழக்கம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கணக்குப் பாருங்க. மாசம் நீங்கள் ஓட்டும் தூரத்துக்கு ஆகும் பெட்ரோல் ஒன்றுதான். டேங்கின் அடியில் போட்டாலும் பாதியில் போட்டாலும் அதே செலவு. டேங்கில் எப்பவும் 8 லிட்டர் இருக்கணும் என்றால், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும், ஒரே ஒரு முறை 800 ரூபாய் கூடுதலாகப் போடணும். அது செலவாகிப் போகாது. முன்பணம் மாதிரி டேங்கிலேயே கிடக்கும். எடை கூடி மைலேஜ் போகுமோ என்ற கவலையும் வேண்டாம். 8 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய ஆறு கிலோதான்.

"வெயில் காலத்துல ஃபுல் டேங்க் போட்டா வெடிக்கும்" என்று வருஷா வருஷம் வாட்ஸப்பில் ஒரு ஃபார்வர்டு வரும். அது பொய் என்று இந்தியன் ஆயில் நிறுவனமே மறுத்திருக்கிறது.

ஏன் 8 லிட்டர்? உங்கள் வீட்டிலிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று பாருங்க. 60 கிலோமீட்டர் என்றால் போக வர 120. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 8 லிட்டர் வேணும். 35 லிட்டர் டேங்கில் அது கிட்டத்தட்ட கால் டேங்க். ஆக, முள் காலில் வந்து நின்றால் உங்க வண்டிக்கு அதுதான் "காலி". புயல், மழை எச்சரிக்கை வந்தாலோ வீட்டில் மாசமான பெண் இருந்தாலோ பாதிக்குக் கீழே விடாதீங்க. கரண்ட் போனால் பங்க் மெஷினும் நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பெட்ரோலுக்கு நின்ற வரிசையைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டாங்க.

2022-இல் இலங்கையில் நடந்ததையும் யோசித்துப் பாருங்க. எரிபொருள் வரிசையில் காத்திருந்தே சிலர் உயிரைவிட்டார்கள். அந்த மே மாதம், பிறந்து இரண்டே நாளான ஒரு குழந்தையைத் தியத்தலாவ மருத்துவமனைக்குக் கொண்டுவரப் பெற்றோர் பெட்ரோல் தேடி மணிக்கணக்கில் அலைந்தார்கள். வந்து சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது. அங்கே நாட்டிலேயே பெட்ரோல் இல்லை. பணம் இருந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. இங்கே தினமும் நாலு பங்க்கைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருகிறோம்.

கடைசியாக ஒரு விஷயம், தப்பா எடுத்துக்காதீங்க. டேங்க் நிறைய இருக்கு என்பதற்காக நெஞ்சுவலிக்காரரைக் காரில் ஏற்றிக்கிட்டுப் பறக்கச் சொல்லவில்லை. முதல் போன் 108-க்குத்தான். அதில் ஆக்சிஜன் இருக்கு, பயிற்சி பெற்ற ஆள் இருக்கார். நெஞ்சுவலி வந்தவர் தானே வண்டி ஓட்டிக்கிட்டு வரவே கூடாது. ஆனால் ஆம்புலன்ஸ் பின்னாடி வரவும், ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வரவும், ராத்திரி இல்லாத மருந்தை டவுனில் போய் வாங்கி வரவும் உங்க கார்தான் வேணும். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க முடியாத ராத்திரியும் வரும்.

பிரஷர் மாத்திரை, இன்சுலின், ஆஸ்துமா இன்ஹேலருக்கும் இதே கணக்குதான். கடைசி மாத்திரையைப் போட்ட பிறகு அட்டையைத் தேடாதீங்க. ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாசத்துக்கு வாங்கிடுங்க.

இதைப் படிச்சு முடிச்சதும் வீட்டில் யார் கார் ஓட்டுறாங்களோ அவங்களுக்கு அனுப்பி, முள் எங்கே இருக்குன்னு மட்டும் கேளுங்க. கால் டேங்குக்குக் கீழே இருந்தால், இன்னைக்கு சாயங்காலமே போட்டுடச் சொல்லுங்க.