வழியில் நின்ற வண்டி

சித்தூரிலிருந்து திருப்பதி ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். அவ்வழியை எங்கள் தந்தையார் தம் புல்லட்டில் எத்தனை முறை கடந்தார் என்பதற்குக் கணக்கில்லை. வண்டி நின்றுவிட்டால் அவர் பதறமாட்டார். பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் கிடத்தி, எங்களில் ஒருவனைக் கிக்கரை மிதிக்கச் சொல்லி, நீலப்பொறி பறக்கிறதா என்று பார்ப்பார். பறக்காவிடின் பிளாட்டினம் பாயிண்டைத் திறந்து உப்புத்தாளால் இருமுறை தேய்ப்பார், அவ்வளவுதான். அந்த வித்தை பிள்ளைகளாகிய எங்கள் இருவருக்கும் கைவந்துவிட்டது என்றே சென்ற ஆண்டுவரை எண்ணியிருந்தோம்.

அன்று காலை திருப்பதியில் தமக்கையாருக்குக் கண் அறுவை. கையொப்பமிட எங்களையன்றி ஆளில்லை. விடியலில் புறப்பட்டுக் காணிப்பாக்கம் பிரியும் இடத்தருகே தேநீருக்கு நின்றோம். மீண்டும் ஏறி அமர்ந்தால் வண்டி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் சுழல்கிறது, எஞ்சின் உயிர் பெறவில்லை. பேருந்துகள் வந்தவண்ணம் இருந்தன. ஒருவனேனும் ஏறிச் சென்றிருக்கலாம். தந்தையார் பிள்ளைகள் வண்டியை விட்டுவிட்டுப் போவதா என்ற வீம்பில் முக்கால் மணி நேரத்தைத் தொலைத்தோம்.

பிளக்கைக் கழற்றும்போதுதான் அந்த மெக்கானிக் ஓடி வந்தார். இருபத்தைந்து வயதுக்குமேல் இராது. தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். "அண்ணா, கையை எடுங்க! பிளக்கைச் சரியா பதிய வைக்காம பொறி பார்த்தீங்கன்னா உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரே போயிடும்."

அவர் சொன்னது மெய். 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பி.எஸ்.6 விதி வந்தபின், எங்களுடையதைப் போன்ற வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. பம்பு பெட்ரோலை அழுத்தித் தர, இன்ஜெக்டர் அதைப் பீய்ச்சுகிறது. எப்போது, எவ்வளவு என்பதை ஈ.சி.யூ. என்னும் சிறு பெட்டி தீர்மானிக்கிறது. அதற்கு மின்சாரம் எட்டாவிடின் தொட்டி நிறையப் பெட்ரோல் இருந்தும் பயனில்லை.

"சாவியைத் திருப்பிட்டுக் காது கொடுத்துக் கேளுங்க" என்றார். கேட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. பம்பு இரண்டொரு விநாடி ரீங்கரிக்க வேண்டுமாம். மஞ்சள் எச்சரிக்கை விளக்கும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டுமாம், அதுவும் எரியவில்லை. நாங்களோ அவ்விளக்கு எரியாததைக் கண்டு, பழுதில்லை என்று மகிழ்ந்திருந்தோம்!

வழக்கு முற்றினால் காணிப்பாக்கத்து விநாயகர்முன் சத்தியம் செய்ய அழைப்பது இப்பக்கத்து வழக்கம். வாய்மூடி நின்ற இந்தச் சாட்சியை எந்தச் சந்நிதியில் நிறுத்துவது?

அவர் பியூஸைப் பார்த்தார், பழுதில்லை. ரிலேயை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. பிறகு டெஸ்ட் விளக்கைப் பிடித்துக்கொண்டு வயரை அங்குலம் அங்குலமாகத் தொடர்ந்தார். இருக்கையின்கீழ் ஓர் இணைப்பில் விளக்கு இப்பக்கம் எரிந்தது, அப்பக்கம் எரியவில்லை. பிரித்துக் காட்டினார். உள்ளே ஈரம்; செம்பு முனையில் பச்சைக் களிம்பு.

"தண்ணி அடிச்சுக் கழுவினீங்களா?"

முந்தின நாளும் அதற்கு முன்பு பலமுறையும் பீச்சுக்குழாய் கொண்டு கழுவியவர்கள் நாங்களே. தமக்கையாரை அழைத்து வரும் வண்டி பளபளக்க வேண்டும் என்ற ஆசை! தலைகுனிந்து ஒப்புக்கொண்டோம். முனையைச் சுரண்டி, துடைத்து, ஊதி, அழுத்திப் பொருத்தினார். சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது; பம்பு வண்டுபோல் ரீங்கரித்தது. அவர் கேட்ட கூலி நாங்கள் குடித்த தேநீர்க் காசைவிடச் சற்றே மிகுதி.

பாகாலா, சந்திரகிரி எதுவும் கண்ணில் படவில்லை. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டதால், வண்டி நின்றது ஒரு மாவட்டம், தமக்கையார் காத்திருந்தது வேறொரு மாவட்டம் என்று நகைத்துக்கொள்ளவும் அன்று மனமில்லை.

பட்டியலில் முதலாவதாக இருந்த அவர் பெயரைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள். கையொப்பமிட்டுவிட்டு அருகில் சென்றோம். கறை படிந்த எங்கள் விரல்களைத் தடவிப் பார்த்தவர், "அப்பா வண்டியாடா?" என்று கேட்டார்.