காது விளக்கு

ஜெனீவா

என் பெறாமகளுக்கு 29ஆம் கிழமையிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த அக்கா, கண்ணாடிப் பெட்டியருகே நின்று தாலாட்டை எடுத்தார். சுவரில் காது வடிவிலிருந்த விளக்கு சிவப்பாகியது. தாதி விரைந்து வந்து உதட்டில் விரல் வைத்தார். பேரப்பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடத் தடையா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

விதி இதுதான். குறைமாதப் பிள்ளைகளின் வாட்டில் சத்தம் 45 டெசிபெல்லைத் தாண்டக் கூடாதென்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் வகுத்த அளவு. நாம் சாதாரணமாகக் கதைத்தாலே 60 வந்துவிடும். ஆகவே பெட்டியின் கதவை ஓசையின்றிச் சாத்த வேண்டும், அதன்மேல் போத்தல்கூட வைக்கக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு குரல்தான், பாட்டென்றால் முணுமுணுப்பு. தாயின் குரலை வயிற்றுக்குள்ளிருந்து கேட்டிருக்க வேண்டிய காதில் அலாரம் அலறுகிறதே, அதனால்தான் இத்தனை கட்டுப்பாடு.

இசையை ஒதுக்குகிறவர்களல்ல இங்குள்ள மருத்துவர்கள். இந்த ஊர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பெட்ரா ஹூப்பியின் குழுவுக்காக, சுவிஸ் இசைக்கலைஞர் அந்திரியாஸ் ஃபொலன்வைடர் எட்டு நிமிட இசைத்துண்டுகள் அமைத்தார். வாத்தியங்களைப் பிள்ளைகளிடமே வாசித்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தார்கள். எல்லாவற்றையும்விட அவர்களை ஈர்த்தது எது தெரியுமா? பாம்பாட்டியின் மகுடி! அந்தரப்பட்ட பிள்ளைகளும் அதைக் கேட்டு அடங்கினவாம். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இசை கேட்ட பிள்ளைகளின் மூளை இணைப்புகள் முழுமாதப் பிள்ளைகளுடையவற்றை நெருங்கியிருந்ததாக 2019இல் ஆய்வு வெளியானது.

மலைக்கு அப்பால், இத்தாலியின் அவோஸ்தாவில் ஓர் ஆய்வில், குறைமாதப் பிள்ளையின் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுக்கும்போது தாயைப் பக்கத்திலிருந்து கதைக்கவோ பாடவோ சொன்னார்கள். பிள்ளையின் வலிக்குறிகள் குறைந்தன.

பெறாமகளின் கணவனுக்குப் பாட வராது. உணவகத்தில் வேலை முடித்து இரவு பதினொன்றுக்கு வருவான். பெற்றோருக்கு இங்கே இரவும் பகலும் கதவு திறந்திருக்கும். சட்டையைத் திறந்து பிள்ளையை நெஞ்சில் கிடத்தி, அன்று எத்தனை கோழி பொரித்தான், முதலாளி என்ன சொன்னார் என்று மெல்லக் கதைப்பான். ஒருநாள் நானும் இருந்தேன். திரையில் ஒக்சிசன் 89இலிருந்து 95க்கு ஏறியது.

என் தம்பிக்கு ஊரில் குறைமாதப் பிள்ளை பிறந்தபோது அவனை வாட்டு வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் மகளைப் பார்த்தான். கேட்டால், உள்ளே இடமில்லையாம். தகப்பன் இருக்க ஒரு கதிரைதானே வேண்டும்? போடுங்கள்.